திண்ணைப் பள்ளியும் கைப்பேசியும்

சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் தம் ஜில்லாக் கலெக்டர்களுக்கு ஓர் உத்தரவு விடுத்தார். ஊர்தோறும் எத்தனை பள்ளிகள் நடக்கின்றன, அவற்றில் யார் யார் படிக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்பது அந்த உத்தரவு. மறு ஆண்டில் தஞ்சாவூரிலிருந்து சென்ற விடையில் 884 பள்ளிகள் என்று கண்டிருந்தது. மாகாணம் முழுமைக்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர்கள் என்று 1826-இல் மன்றோ தொகுத்துக் கூறினார். இவற்றுள் தமிழ் எழுத்தும் கணக்கும் கற்பித்தவற்றிற் பெரும்பாலானவை வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் நடந்தவையே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. காவிரிப் படுகையின் பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் எவ்வாறு வந்து சேர்ந்தன, வந்த இடத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பு என்ன ஆயிற்று என்பதே அது. அதற்கு இருநூறு ஆண்டு பின்னே போய்த் திண்ணையில் உட்காருவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு பிள்ளை எந்தக் கருவியைக் கொண்டு படிக்கிறது என்பதைப் போலவே, அந்தக் கருவியோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, யார் கண்ணில் படும்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் வரலாற்றுக்கு உரிய செய்திதான். இந்தச் செய்தியைத் தொடர்ந்து பார்த்து வந்தால், இன்றைய இடர் எந்த இடத்தில் உள்ளே நுழைந்தது என்பது புலப்படும்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளையின் முதல் ஏடு மணல். தரையில் மணலைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் அகரத்தை எழுதிப் பழக வேண்டும். கை தேறிய பிறகே பனை ஓலையும் எழுத்தாணியும் கொடுப்பார்கள். பிள்ளை எழுதுவதை உபாத்தியாயர் பார்ப்பார், சட்டாம்பிள்ளை பார்ப்பான், தெருவில் தயிர்க்கூடையோடு போகிறவளும், வயலுக்கு ஏர் ஓட்டிப் போகிறவனும் பார்ப்பார்கள். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று. மணல் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மாலையில் பள்ளி கலையும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ, பறவையின் பெயரையோ, ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறவாமல் ஒப்பிக்க வேண்டும். கடவுச்சொல் என்றால் என்ன என்று என் பேரன் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது இந்தப் பூவின் நினைவுதான் எனக்கு வந்தது. கடவுச்சொல்லை மறந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பூவின் பெயரை மறந்தவன் அடிதான் வாங்க வேண்டும்.

அடி என்றதும் அந்தப் பள்ளியின் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-இல் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர், தாம் படித்த பள்ளிக்கூடங்களைப் பற்றி 'என் சரித்திரம்' என்னும் நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். பிரம்பு அங்கே ஓயாது வேலை செய்தது. பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் பல ஊர்களில் இருந்தது. இவையெல்லாம் தெருவார் கண்ணெதிரே நடந்தவை. தெருவார் தடுத்ததாகச் செய்தி இல்லை. சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற இடமே கிடையாது. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே ஏறினர். ஆகவே பலர் கண்ணில் படுவதாலேயே ஒரு பள்ளி பாதுகாப்பான இடம் ஆகிவிடாது. யார் கண், அந்தக் கண் எதைத் தவறென்று கொள்ளும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

தஞ்சை நாடு கல்விக் கருவிகளுக்குப் புதிய நாடு அன்று. 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, உள்ளூர் உபாத்தியாயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, குழந்தைகளோடு குழந்தையாகத் தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். சில ஆண்டுகளுக்குள் அவ்வூரில் அச்சகம் வந்தது. அடுத்த பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் தேவநாகரி அச்சகம் ஒன்றை நிறுவினார். ஈசாப்பின் கதைகள் மராத்தியில் 'பாலபோத முக்தாவளி' என்னும் பெயரோடு 1806-இல் அங்கே அச்சாயின. இதற்கிடையே சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கேயே நடத்திப் பார்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்று பெயர் பெற்று அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. நம் மணல் கப்பலேறிப் போன கதை இது.

மணலுக்குப் பின் சிலேட்டு வந்தது. கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டுத் திண்ணையில் சிலேட்டும் கையுமாகக் கணிதமேதை இராமானுஜன் உட்கார்ந்திருந்த காட்சியை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காகிதம் விலையுயர்ந்த பொருள். ஆகவே கணக்கைச் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். கணித ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த முழங்கையின் மேல் இன்றும் கோபம் உண்டு. ஆயினும் பிள்ளைப் பருவத்துத் தவறுகள் யாவும் அழிந்துபோகும் வசதி ஒரு பெரிய வசதி என்பதை இன்றைய பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் நான் உணர்கிறேன்.

நான் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்த வானொலியும் பள்ளிக் கருவியாக வந்ததே. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-இல் தொடங்கிற்று. பள்ளி ஒலிபரப்பு என்று ஒன்று வகுப்பறைக்குள் வந்தது. ஒரு பெட்டி பேசும். அறுபது பிள்ளைகள் கேட்பார்கள். ஆசிரியர் பக்கத்தில் நிற்பார். பெட்டிக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது. இதைவிட அதிகமாக அதைப் பற்றிச் சொல்ல இல்லை.

கணினிக்கு வருவோம். 1984-இல் மத்திய அரசு, கணினி எழுத்தறிவுக்கெனத் திட்டம் ஒன்றை நாடெங்கும் தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 250 பள்ளிகளில் தொடங்கியது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் பெயர் தாங்கிய 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் சிறிய கணினிகள் அப்பள்ளிகளுக்கு வந்தன. நான் வரலாற்று ஆசிரியனாக இருந்த பள்ளிக்குக் கணினி வந்து சேரத் தொண்ணூறுகளின் இறுதி ஆகிவிட்டது. அதற்கென்று ஓர் அறை, அறைக்குக் குளிர்சாதனம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். மேலே துணி உறை போட்டு மூடிவைத்திருப்போம். சரஸ்வதி பூஜையன்று திரைக்குச் சந்தனம் இட்டவர்களில் நானும் ஒருவன். மூலஸ்தானம் போல இருந்த அந்த அறையில் பிள்ளைகள் ஒரு கணினிக்கு நால்வராக நின்று பார்த்தார்கள். திண்ணையின் இயல்பு அங்கே ஒருவாறு எஞ்சியிருந்தது. ஒருவன் தட்டியதை மூவர் பார்த்தனர். ஆசிரியர் பின்னால் நடந்துகொண்டிருந்தார். இணைப்பு என்பது சுவரில் இருந்த மின்சார இணைப்பு மட்டுந்தான்.

இணையம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னை முதல் நகரங்களுள் ஒன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாடு தமிழ் விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. அந்த ஆண்டுகளில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக் கடைத்தெருக்களில் 'பிரௌசிங் சென்டர்' என்னும் கடைகள் முளைத்தன. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அவற்றின் வாசலில் தேர்த் திருவிழாக் கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் உள்ளே போனால், பலகை வைத்து அடைத்த சிறு சிறு தடுப்பறைகளைக் காணலாம். சிலவற்றிற்குத் திரைச்சீலையும் உண்டு. கல்விக் கருவிக்கும் தெருவுக்கும் நடுவே முதன்முதலாக ஒரு திரை விழுந்தது அங்கேதான். கடைக்காரர் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்; வயதைக் கேட்டவரை நான் கண்டதில்லை.

2004-ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். காவிரிப் படுகைக்கு அது பொல்லாத ஆண்டு. ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளிக் கட்டடத்தில், மதிய உணவுச் சமையலறையில் பற்றிய தீ கூரைக் கீற்றுக்குத் தாவியது. மாடியில் கீற்றுக் கொட்டகையின் கீழ் இருந்த குழந்தைகளுக்கு இறங்கக் குறுகிய படி ஒன்றே வழி. 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பிறகே தமிழ்நாடெங்கும் பள்ளிக் கீற்றுக் கூரைகள் பிரிக்கப்பட்டன. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் கண்டிப்பாகக் கேட்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கரையைக் கடல் கொண்டது.

இந்த இரண்டு துயரங்களுக்கும் இடையே வேறு மூன்று நிகழ்ச்சிகள் நடந்தன. அன்று அவற்றை யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. அக்டோபர் 18-ஆம் தேதி, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, துணைக்கோள் வழியாகக் கிராமங்களை இணைக்கும் வள மையங்களைத் தொடங்கின. அவற்றுள் ஒன்று நம் திருவையாற்றில் அமைந்தது. டிசம்பரில் பள்ளிகளுக்குக் கணினியும் இணைப்பும் தருவதற்கான மத்திய அரசின் புதிய திட்டம் வெளிவந்தது. அதே பருவத்தில் டில்லியில், பள்ளி மாணவர் இருவர் தொடர்பான கைப்பேசிப் பதிவொன்று கைமாறிக் கைமாறி, இணைய ஏலத் தளம் ஒன்றில் விற்பனைக்கே வந்துவிட்டது. நாடு திடுக்கிட்டது. தளத்தின் தலைவர் கைதானார்; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆனால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இல்லை. சிறார் தொடர்பான ஆபாசத்தைத் தனிக் குற்றமாக்கிய 67-பி என்னும் பிரிவு 2008-இல் இயற்றப்பட்டு, 2009 அக்டோபர் 27 அன்றே நடைமுறைக்கு வந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று வந்தது.

கும்பகோணத் தீக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு வந்த அதிகாரிகள் மாடிப்படியின் அகலத்தை நாடா வைத்து அளந்தார்கள். அது மிகவும் சரியான செயல். அவர்களே கணினி அறைக்கும் வந்தார்கள். பூட்டு உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள். கணினி களவு போகாமல் காக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் அக்கறை இருந்தது. அந்தக் கம்பி வழியாக உள்ளே வருகிறவர் யார் என்னும் கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

அமெரிக்கர்கள் இக்கேள்வியைச் சற்று முன்னதாகக் கேட்டார்கள். 1998-இல் அவர்கள் இயற்றிய சட்டம், பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பற்றிய விவரங்களைத் திரட்டுமுன் பெற்றோர் சம்மதம் பெற வேண்டும் என்றது. உலகெங்கும் பல இணைய நிறுவனங்கள் பதின்மூன்று வயதை எல்லையாக வைத்திருப்பதன் மூலம் இதுதான். பதின்மூன்று என்பது பிள்ளை பக்குவம் அடையும் வயது என்று எந்த வைத்திய நூலும் சொன்னதனால் வந்ததன்று. பிறந்த ஆண்டை மாற்றி எழுதிவிட்டால் எந்தக் கதவும் திறந்துகொள்ளும் என்பதை நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அறிவார்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். பின்வந்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கான மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குச் சென்றன. இத்திட்டத்தைப் பற்றிக் குறைகூறியவர்கள் அந்நாளில் பலர் இருந்தனர். நான் அவர்களோடு சேரவில்லை. குடியானவர் தெருவிலும் சேரியிலும், கூலி வேலைக்குப் போகும் தாயின் வீட்டில், பத்தாயத்தின் மேலே அரசாங்கத்து மடிக்கணினி இருந்ததைக் கண்டவன் நான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் ஏறக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். இணைப்பு அனேகமாக எந்த வீட்டிலும் இல்லை. கடைத்தெருவில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்த பாட்டும் படமுந்தான். ஆயினும் கருவி பள்ளியை விட்டு வீட்டுக்குப் போய்விட்டது. ஆசிரியர் பள்ளியிலேயே நின்றுவிட்டார்.

கைப்பேசி அப்படி ஒவ்வொரு படியாக வரவில்லை. 2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் கதவு திறந்தது. இடைப்பட்ட இருபது மாதங்கள் பள்ளிக்கூடம் என்பது, 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியும் தகப்பனாரின் கைப்பேசியுமே. காலையில் அப்பன் கைப்பேசியோடு வயலுக்கோ வேலைக்கோ போய்விடுவான். பிள்ளைக்குப் பாடம் இருட்டிய பிறகு. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவருக்கும் ஒன்றே. கொல்லையில், மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில், அலைவரிசை கிடைக்கும் மூலையில், உள்ளங்கை வெளிச்சத்தில் குனிந்திருந்த அந்தப் பிள்ளையை அப்பொழுது யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கருவி மணலாய் இருந்தபோது ஊரே பார்த்தது; இப்போது பிள்ளையைத் தவிர எவருக்கும் அதன் முகம் தெரியவில்லை.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு என்று ஆசிரியர்கள் ஏற்படுத்தினார்கள். வேறு வழியும் இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அத்தகைய குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்றெல்லாருக்கும் தெரியும். அறுபது வீட்டு எண்கள் அறுபது வீடுகளில் திறந்து கிடந்தன. எந்த வீட்டில் யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று யாரே அறிவார்? எங்கள் பக்கத்து ஊரில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு இரவு நேரங்களில் யாரோ ஒருவன் பேசத் தொடங்கினான். வேறு பிரிவில் படிக்கும் மாணவன் என்று சொல்லிக்கொண்டான். பிறகு புகைப்படம் கேட்டான். அவள் பயந்து தாயிடம் சொன்னாள். தாய் தகப்பனிடம் சொன்னாள். தகப்பன் கைப்பேசியைப் பிடுங்கி, சிம் அட்டையை ஒடித்து அடுப்பில் போட்டான். புது எண் வந்தது. அது அவளுடைய தம்பிக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அந்தச் சிறுமிக்கு அதன் பிறகு பாடம் இல்லை.

அவள் தப்பினாள் என்று ஒருவர் கூறலாம். ஆனால் அதே ஆள் அவளுடைய தோழி ஒருத்தியிடமும் பேசிக்கொண்டிருந்தான். தோழி இவளுக்கு நேர்ந்ததைப் பார்த்தாள். பார்த்து, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். சொன்னால் படிப்புப் போகும். சொல்லாமல் இருந்தால் அவனோடு பேச வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தது. பெரியவர்கள் பாதுகாப்பு என்று எண்ணிச் செய்தது எதுவோ, அதுவே அந்தப் பிள்ளையை அந்நியனிடம் அடைத்து வைத்தது. கைப்பேசியைப் பிடுங்கும் வீடுகளிலும், மாணவர் கைப்பேசி கொண்டுவந்தால் பறிமுதல் செய்து தண்டிக்கும் பள்ளிகளிலும் இப்படி எத்தனை வாய்கள் மூடிக்கிடக்கின்றன என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை. எடுக்கவும் முடியாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. உள்ளூரிலேயே தன்னார்வலர்களைத் தேர்ந்து, மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளுக்கு அவர்கள் வாழும் இடத்திலேயே பாடம் சொல்லித் தரும் திட்டம் அது. தன்னார்வலரிற் பெரும்பாலார் பெண்கள். எங்கள் தெருவில் என் மருமகள் அந்தப் பொறுப்பை ஏற்றாள். வகுப்பு எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் என் பாட்டனார் மணலில் எழுதிய திண்ணை வெண்ணாற்றுக் கரையில் வேறோர் ஊரில் இருந்தது. அந்த ஊர்த் திண்ணையில் ஏற முடியாதவர்களின் பிள்ளைகளும் இந்தத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தார்கள். மூன்றாவது மாதத்தில் ஒருநாள் மாலை, எல்லாரும் போன பிறகும் அந்தத் தோழி போகாமல் பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். என் மருமகள் கேட்கவில்லை. கோலப்பொடி டப்பாவை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை தானாகவே சொன்னாள். என் மருமகள் செய்தவை இரண்டு. கைப்பேசியை வாங்கிக்கொள்ளவில்லை. 1996-இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அவளோடு உட்கார்ந்து அழைத்தாள்.

இக்காலத்தில் அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 2021 மே மாதத்தில், சென்னையில் இணைய வகுப்பொன்றின் ஆசிரியர் மீது மாணவியர் புகார் கூறியதையடுத்து, இணைய வகுப்புகளைப் பதிவு செய்து அவ்வப்போது ஆராய வேண்டும் என்னும் விதிகள் வந்தன. பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 'மாணவர் மனசு' என்னும் பெயரோடு புகார்ப் பெட்டிகளும் வைக்கப்பட்டன. 1098, 14417 ஆகிய எண்கள் சுவரில் எழுதப்பட்டன. துணைக்கோளும் கண்ணாடி இழையும் கொண்டுவந்த இடருக்குக் கடைசியில் ஒரு பூட்டுப் பெட்டிதான் துணைக்கு வந்தது என்பதில் எனக்கு ஏளனம் இல்லை. நான் கேட்பது, பெட்டி எங்கே தொங்குகிறது என்பது. தலைமையாசிரியர் அறை ஜன்னலுக்கு நேரே தொங்கும் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

வீட்டாரும் தெருவாரும் கண்ணாய் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் தஞ்சை மாவட்டத்தில் ஓர் இளைஞனைக் கைது செய்தார்கள். சிறார்களுக்குக் கொடுமை இழைத்து, அதன் படங்களை இணையத்தில் பரப்பினான் என்பது குற்றச்சாட்டு. துப்பு வந்தது பக்கத்து வீட்டிலிருந்து அன்று. சர்வதேசக் காவல் அமைப்பான இண்டர்போலின் தரவுத் தொகுப்பிலிருந்து வந்தது. தெருவில் எவருக்கும் தெரியாதது கடல் கடந்து தெரிந்தது. மறு ஆண்டு, 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை மாற்றி, இத்தகைய படங்களைச் சேமித்து வைத்திருப்பதும் குற்றமே ஆகலாம் என்று கூறியது. அவற்றை ஆபாசப் படம் என்று சொல்லாமல், குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலின் பதிவு என்றே சொல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. சொல்லை மாற்றியது சிறு காரியம் போலத் தோன்றும். படத்தில் இருப்பது ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையின் சான்று என்பதைப் பழைய சொல் மறைத்தது. அதனால் இத்தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்குகளை மறுத்துவிட்டது. நம் நாடு வேறு வழியைத் தேர்ந்தது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதினெட்டு வயது வரை எல்லாரும் குழந்தைகளே. அவர்களுடைய விவரங்களைக் கையாளுமுன் நிறுவனங்கள் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைப் பெற வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து நோட்டமிட்டு விளம்பரம் காட்டலாகாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன; முக்கியமான கடமைகளைச் செயலுக்குக் கொண்டுவர நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாதங்கள் தரப்பட்டன. நல்ல சட்டம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இச்சட்டத்தை வரைந்தவர்கள் பெற்றோர் என்றால் கைப்பேசியின் நுட்பம் அறிந்தவர் என்றும், பிள்ளை என்றால் அறியாதது என்றும் எண்ணிக்கொண்டார்கள் போலும்.

காவிரிப் படுகையின் வீடுகளில் நடப்பது வேறு. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கு இப்பொழுது இணையத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் எங்கள் தெருவில் அந்தப் பதிவைச் செய்துகொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அவர்களே படமெடுத்து ஏற்றுகிறார்கள். பயிர்க் காப்பீடும் அப்படியே. எரிவாயு உருளையும் அப்படியே. தகப்பன் பக்கத்தில் குந்தியிருந்து, "என்ன கேக்குது பாரு தங்கம்" என்பான். சென்ற தை மாதம் எதிர்வீட்டு வாசலில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பேசி சிணுங்கிற்று. எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண், "அப்பா, ஓ.டி.பி. வந்துருக்கு" என்றாள். "போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் சாக்கைத் தைக்கப் போய்விட்டார். அவள் ஆறு எண்களையும் படித்தாள், தானே அடித்தாள், சம்மதம் என்னும் கட்டத்தைத் தானே தொட்டாள்.